லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை இணைப்புச் சிக்கல்களைத் தீர்த்தல்

லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட மடிக்கணினி கம்பியில்லா வலையமைப்பில் இணையாதபோது, பழுது எங்கே உள்ளது என்று கண்டறிந்து நீக்குவது வைஃபை இணைப்புச் சிக்கல் தீர்த்தல் ஆகும். "வைஃபை வரவில்லை" என்பது ஒரே புகாராகத் தோன்றினாலும், அதன் பின்னால் வெவ்வேறு பழுதுகள் இருக்கலாம். அட்டையைக் கணினி காணாதிருக்கலாம், அட்டைக்குரிய நிலைப்பொருள் இல்லாதிருக்கலாம், அலைபரப்பி அணைக்கப்பட்டிருக்கலாம், ரவுட்டர் மறுத்திருக்கலாம், இணைந்த பின்னும் முகவரி கிடைக்காதிருக்கலாம். இவற்றைக் கீழிருந்து மேலாக வரிசையாகச் சோதிப்பதே பயனுள்ள முறை. கடவுச்சொல்லைப் பத்து முறை மாற்றித் தட்டிப் பார்ப்பதும், இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவுவதும் பெரும்பாலும் வீண் வேலைகள்.

பின்னணி

தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கு முதல் லினக்ஸ் அனுபவம் அரசின் விலையில்லா மடிக்கணினி வழியாகவே கிடைத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்தில் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகளில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. பாஸ் லினக்ஸ், டெபியன் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. அக்கணினிகள் இன்று பழையவை. புதிய விண்டோஸ் பதிப்புகள் அவற்றில் திணறும் என்பதால், அவற்றை அழித்துவிட்டு டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை நிறுவுவோர் பலர். வைஃபை சிக்கல் பெரும்பாலும் அந்த நாளில்தான் தொடங்குகிறது. வீட்டில் உள்ள ஒரே கணினி அதுவாக இருந்தால், இணையம் இல்லாமல் இணையத்துக்கான கோப்பைப் பதிவிறக்க வேண்டிய நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது.

கீழே கட்டளைப் பெயர்கள் ஒலிக்கும் வகையில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

அட்டை தெரிகிறதா

மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டை பொதுவாகப் பிசிஐ தடத்தில் பொருத்தப்பட்டிருக்கும். எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை அத்தடத்தில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும். யூஎஸ்பி வழியே செருகிய கருவிகளுக்கு எல்எஸ்யூஎஸ்பி. எல்எஸ்பிசிஐ கட்டளையுடன் ஒரு சிறு கோடும் "என்என்கே" என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்தால், தயாரிப்பாளர் எண்ணும் அட்டையை இயக்கும் கர்னல் இயக்கியின் பெயரும் தெரியும். எண் 8086 என்று தொடங்கினால் அட்டை இன்டெல் நிறுவனத்துடையது. (அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பழைய நுண்செயலியின் எண்ணும் அதுவே.) பட்டியலில் அட்டையே இல்லையென்றால் மென்பொருளைக் குறைகூறிப் பயனில்லை. அட்டை தளர்ந்திருக்கலாம், செயலிழந்திருக்கலாம், அல்லது பயாஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கலாம்.

நிலைப்பொருள் இல்லாமை

அட்டை தெரிகிறது, ஆனால் வைஃபை குறியீடே திரையில் இல்லை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபர்ம்வேர் எனப்படும் நிலைப்பொருளை. வைஃபை அட்டை தானே ஒரு சிறு கணினி. கர்னலில் உள்ள இயக்கி அதனுடன் பேசும்; ஆனால் பெரும்பாலான அட்டைகள், மின்சாரம் வந்ததும் தமக்குரிய ஒரு சிறு நிரலை இயங்குதளத்திடமிருந்து பெற்றுக்கொண்ட பிறகே வேலை செய்யும். அந்நிரல் கோப்பின் மூல நிரலைத் தயாரிப்பாளர்கள் வெளியிடுவதில்லை. எனவே அது கட்டற்ற மென்பொருள் ஆகாது.

இங்குதான் டெபியனின் கொள்கை குறுக்கே வந்தது. 2011 பிப்ரவரியில் வெளியான டெபியன் 6 பதிப்பில், மூல நிரல் இல்லாத இத்தகைய கோப்புகள் கர்னலிலிருந்து நீக்கப்பட்டு, கட்டற்றதல்லாத தனிப் பிரிவுக்கு மாற்றப்பட்டன. கொள்கையளவில் நேர்மையான முடிவு. ஆனால் கம்பி வழி இணையம் இல்லாத வீட்டில் டெபியனை நிறுவியவர் கையில் வலையமைப்பற்ற கணினியே மிஞ்சியது. பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்த இந்நிலை, 2022 அக்டோபரில் டெபியன் உருவாக்குநர்கள் நடத்திய வாக்கெடுப்பால் மாறியது. 2023 ஜூன் 10 அன்று வெளியான டெபியன் 12 முதல், நிறுவல் வட்டிலேயே நிலைப்பொருள் கோப்புகள் சேர்க்கப்படுகின்றன. உபுண்டு இவற்றைத் தொடக்கம் முதலே சேர்த்து வழங்கியது. ஆகவே பழைய டெபியன் வட்டைக் கையில் வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது புதிய வட்டைத் தேடுவதே.

நிலைப்பொருள் குறைபாட்டை உறுதிசெய்வது எளிது. டிஎம்இஎஸ்ஜி கட்டளை காட்டும் கர்னல் பதிவில், குறிப்பிட்ட பெயருள்ள ஒரு கோப்பை ஏற்ற முடியவில்லை என்ற வரி இருக்கும். அப்பெயரே எந்தத் தொகுப்பு வேண்டும் என்பதையும் காட்டிக்கொடுக்கும். டெபியனில் ரியல்டெக், இன்டெல், ஏத்தரோஸ் அட்டைகளுக்குத் தனித்தனி தொகுப்புகள் உள்ளன. ஏத்தரோஸின் பழைய பிசிஐ அட்டைகள் பலவற்றை இயக்கும் ஏத்9கே இயக்கிக்கு இத்தகைய கோப்பே தேவையில்லை. பழைய பிராட்காம் அட்டைகள் இதற்கு நேர்மாறு: அவற்றின் நிலைப்பொருளை மறுவிநியோகம் செய்ய உரிமை இல்லாததால், பி43 இயக்கியைப் பயன்படுத்துவோர் தயாரிப்பாளரின் இயக்கியிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் கருவியை இயக்க வேண்டும்.

இணையம் இன்றி இக்கோப்புகளைப் பெறக் கைபேசி உதவும். ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியுடன் இணைத்து, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பி வலையமைப்பாகவே எடுத்துக்கொள்ளும். இதற்குத் தனி இயக்கியோ நிலைப்பொருளோ பொதுவாகத் தேவைப்படாது. கைபேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணையமே மடிக்கணினிக்கும் வரும். இதை அறியாமல் மென்பொருள் தொகுப்புகளை ஒவ்வொன்றாகப் பென்டிரைவில் சுமந்து வருவோர் இன்னும் உண்டு.

கர்னலில் இல்லாத இயக்கியைத் தனியாகத் தொகுத்து நிறுவும்போது இன்னொரு தடை எழலாம். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், கையொப்பமிடப்படாத இயக்கியைக் கர்னல் ஏற்க மறுக்கும். இயக்கிக்குரிய சாவியைப் பதிவுசெய்யலாம், அல்லது பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்கலாம்.

அலைபரப்பி அடைபட்டிருத்தல்

ஆர்எஃப்கில் லிஸ்ட் என்ற கட்டளை இரண்டு வகை அடைப்பைக் காட்டும். மென்பொருள் அடைப்பை அதே கட்டளையின் அன்பிளாக் தெரிவால் நீக்கலாம். வன்பொருள் அடைப்பு, மடிக்கணினியின் பக்கவாட்டில் உள்ள சிறு விசையாலோ, எஃப்என் விசையுடன் அழுத்தும் வைஃபை பொத்தானாலோ ஏற்படுவது; அதை எந்தக் கட்டளையாலும் நீக்க முடியாது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் மூன்றாவது காரணமும் உண்டு. விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி கணினியை முழுமையாக அணைப்பதில்லை. அதனால் அட்டை அரைத்தூக்க நிலையில் விடப்பட்டு, லினக்ஸ் தொடங்கும்போது விழிக்காமல் போகலாம். விண்டோஸில் அவ்வசதியை நிறுத்திவிட்டு முழுமையாக அணைத்துத் தொடங்கினால் சரியாகிவிடும்.

வலையமைப்பின் பெயர் தெரியாமை

பக்கத்து வீட்டுப் பெயர்களெல்லாம் பட்டியலில் தெரிய, சொந்த ரவுட்டரின் பெயர் மட்டும் தெரியவில்லையா? பழைய மடிக்கணினிகளின் அட்டைகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். புதிய ஃபைபர் இணைப்புடன் வரும் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் பரப்பும் பெயர் அவற்றின் கண்ணுக்குப் படாது. ரவுட்டரில் 2.4 அலைவரிசையையும் இயக்குவதே தீர்வு. டபிள்யூபிஏ3 பாதுகாப்பு மட்டும் தெரிவுசெய்யப்பட்டிருந்தால், பெயர் தெரிந்தாலும் பழைய அட்டை இணையாது. டபிள்யூபிஏ2-உம் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும்.

ரவுட்டருக்கு அருகில் மட்டும் வேலை செய்து அடுத்த அறையில் அறுந்துபோவது, ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ அட்டை கொண்ட எச்பி மடிக்கணினிகளில் நன்கு அறியப்பட்ட குறை. அட்டையில் இரண்டு ஆன்டெனா முனைகளுக்கு இடமிருக்க, ஒன்றில் மட்டும் கம்பி இணைக்கப்பட்டிருக்கும். இயக்கியோ மற்றொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும். இயக்கியின் ஆன்டெனாத் தேர்வு அளவுருவை 1 அல்லது 2 என மாற்றி, எது பலன் தருகிறதோ அதை நிலையாக எழுதிவைத்தால் சைகை வலுப்பெறும்.

இணைந்தும் இணையம் வராமை

குறியீடு முழுமையாகத் தெரிந்தும் பக்கங்கள் திறக்காவிட்டால், ஐபி முகவரி கிடைத்துள்ளதா என்று பார்க்க வேண்டும். 169.254 என்று தொடங்கும் முகவரி, ரவுட்டர் எதையும் தரவில்லை என்பதன் அடையாளம். முகவரி சரியாக இருந்தால் 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் அனுப்பலாம். அது பதில் தந்து, தளத்தின் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் பழுது பெயர்த் தீர்வான டிஎன்எஸ்ஸில் உள்ளது.

பொது இடங்களில் நிலைமை வேறு. மன்னார்புரத்துக்கு அருகிலுள்ள திருச்சிராப்பள்ளி சந்திப்பு போன்ற ரயில் நிலையங்களில் கிடைக்கும் ரெயில்வயர் வைஃபை, கைபேசி எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கம் ஒன்றைக் காட்டிய பிறகே இணையத்தைத் திறந்துவிடும். டிஎன்எஸ்ஸை நிலையாக 8.8.8.8 என மாற்றி வைத்தவர்களுக்கு அப்பக்கம் தோன்றாமல் போகலாம். வீட்டில் செய்த திருத்தமே வெளியில் பழுதாகிறது. டிஎன்எஸ்ஸைத் தானியங்கி நிலைக்குத் திருப்பி, மறையாக்கம் இல்லாத எச்டிடிபி முகவரி ஒன்றைத் திறந்தால் பக்கம் வந்துவிடும்.

கல்லூரி வளாகங்களில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நிறுவன வகை வைஃபை பரவலானது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 இடம்பெற்றது. பழைய மறையாக்க முறைகளை அது இயல்பாக ஏற்காததால், முந்தைய பதிப்பில் இணைந்த கணினிகள் சில வளாகங்களில் திடீரென மறுக்கப்பட்டன. இங்கே பழுது மாணவரின் கணினியில் இல்லை. சேவையகத்தைப் புதுப்பிக்க வேண்டியவர் வளாகத்தின் வலையமைப்பு நிர்வாகி. பழைய கணினியின் தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தாலும் சான்றிதழ்ச் சோதனை தோற்கும். எனவே கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணைப்பு தடைபட்டு மீள்வதற்கு மின்சேமிப்பு காரணமாக இருக்கலாம். நெட்வொர்க் மேனேஜரின் வைஃபை பவர்சேவ் மதிப்பு 3 என்றால் சேமிப்பு இயங்குகிறது. 2 என்று மாற்றினால் நிற்கும். மின்கலம் சற்று விரைவாகக் கரையும்.

அட்டை செயலிழந்தால்

உள் அட்டையை மாற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டிய ஒன்று: பழைய எச்பி, லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத அட்டையை ஏற்காது. யூஎஸ்பி வைஃபை கருவியே எளிய மாற்று. வாங்கும்போது பெட்டியின் மேல் உள்ள நிறுவனப் பெயரைவிட உள்ளே இருக்கும் சில்லின் பெயரே முக்கியம். மீடியாடெக் எம்டி7601யூ சில்லுக்குக் கர்னல் 4.2 முதலே இயக்கி உண்டு. ரியல்டெக்கின் பல யூஎஸ்பி சில்லுகளுக்கு 2023 பிப்ரவரியில் வந்த கர்னல் 6.2-இல்தான் அது சேர்ந்தது. மலிவான சில ரியல்டெக் கருவிகள் செருகியவுடன் விண்டோஸ் இயக்கி அடங்கிய குறுவட்டாகவே தம்மைக் காட்டிக்கொள்ளும். கோப்பு மேலாளரில் அந்த வட்டை வெளியேற்றினால், சில நொடிகளில் அதே கருவி வைஃபை அட்டையாகத் தோன்றும்.