நெற்கதிர் கருக்கொள்ளும் காலமும் மேலுரமும்

கோமுகி அணைப் பாசனத்தில் நெல் பயிரிடுவோர், கதிர் வெளிவந்தபின் யூரியா இடுவதால் மணிகளின் எண்ணிக்கை பெருகாது, குலைநோய்க்கே இடமுண்டாகும். கதிர் வெளித்தோன்றுவதற்குச் சுமார் 30 நாட்களுக்கு முன்னரே அது தண்டினுள் கருக்கொண்டுவிடுகின்றது. அதன் கிளைகளும் பூக்களும் எத்தனை என்பது பெரும்பாலும் அங்கேயே நிர்ணயமாகின்றது.

பயிரில் ஊறும் சைட்டோகைனின் என்னும் ஹார்மோன் கதிர்முனையில் மிகுந்தால் பூக்களும் மிகும். இதனை அழிக்கும் நொதியொன்றும் பயிரில் உண்டு. ஹபடாகி என்னும் நெல் இரகத்தில், அந்நொதியை உண்டாக்கும் ஜீன் வலுக்குன்றியிருப்பதால் மணிகள் அதிகமென்று ஜப்பானிய விஞ்ஞானிகள் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஜீன் விதையோடு வருவது. அதனை வயலில் மாற்றவியலாது. ஆயினும், வேருக்குத் தழைச்சத்து கிடைப்பின் இந்த ஹார்மோன் பெருகும். ஆதலின் மேலுரத்திற்குக் காலமே பிரதானம்.

அக்காலத்தை அறிவது எளிது. இரகத்தின் மொத்த வயதில் 65 நாட்களைக் கழிக்கவேண்டும். 120 நாள் இரகத்திற்கு விதைத்த 55-ஆம் நாளும், 135 நாள் இரகத்திற்கு 70-ஆம் நாளும் ஆகும். அந்நாளையொட்டி, தாய்த்தூர் சிலவற்றைப் பிடுங்கி அடித்தண்டை நீளவாக்கில் பிளந்து பார்க்க, 1 அல்லது 2 மில்லிமீட்டர் நீளத்தில் வெண்மையான பஞ்சுபோன்ற முனை தென்படும். அதுவே மேலுரமிடும் தருணம். அதுமுதல் பூக்கும்வரை வயலில் ஈரம் வற்றவிடலாகாது.

கல்வராயன் மலையில் மானாவாரியாகப் பயிராகும் சாமையும் புல்லினத்ததே. அதன் கதிரும் தண்டினுள்ளேயே உருவாகின்றது. ஆகையால், அதற்குமுன் களையெடுப்பை முடித்துக்கொள்ளுதல் நலம்.

கிராம அதிகாரிகள், தத்தம் கிராமத்தில் பயிராகும் இரகங்களுக்குரிய நாளைக் கணக்கிட்டு விவசாயிகளுக்கு முன்னதாகத் தெரிவிப்பார்களாயின், உரச்செலவு வீணாகாது.