வண்டித் தச்சும் வழங்கு சொல்லும்

செஞ்சி வட்டாரத்துப் பனமலையில், குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயில் நிற்கின்றது. அதனை எடுப்பித்தோன் பல்லவன் இராசசிம்மன் என்பதைக் கல்வெட்டால் அறிகின்றோம். அத்தகைய சிற்றூர்களில் ஏரும் வண்டியும் செய்தளித்த தச்சுப் பட்டறைகளுக்கோ கல்வெட்டும் இல்லை, கணக்கேடும் இல்லை. அவற்றின் வரலாற்றை எவ்வாறு அறிவது? தச்சர் நாவில் வழங்கும் சொற்களே அதற்குச் சான்றாகும் என்பது எம் கருத்து.

நகரத்துத் தொழிலகத்தின் நிலை வேறு. சென்னையில் 1840-இல் தோன்றிய சிம்சன் நிறுவனம் குதிரை வண்டி கட்டும் தொழிலில் தொடங்கியது. 1903-இல் அங்குப் பணிபுரிந்த சாமுவேல் சான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். பின்னர் அந்நிறுவனம் டீசல் எஞ்சின் செய்யும் தொழிலகமாக வளர்ந்தது. இவற்றையெல்லாம் ஆண்டு குறித்துக் கூற இயலுகின்றது.

இனிச் சிற்றூர்த் தச்சரின் சொற்களை நோக்குவோம். சக்கரத்தின் நடுவிலுள்ளது குடம். அதில் செருகப்படுவன ஆரக்கால்கள். அவற்றின் புறமுனைகளை இணைத்து வளைவது வட்டை. வட்டையின்மேல் ஏறுவது இரும்புப் பட்டை. சக்கரத்தின் சுற்றளவினும் சிறிது குறைவாகப் பட்டையை அமைத்து, தீயிற் காய்ச்சி விரியச் செய்து, வட்டையின்மீது ஏற்றி நீர் ஊற்றுவர். குளிர்ந்து சுருங்கும் இரும்பு மரப் பொருத்துகள் அனைத்தையும் இறுக்கிவிடும். தச்சரும் கொல்லரும் கூடியன்றி இவ்வேலை முற்றுப்பெறாது.

இச்சொற்களுட் சில மிகப் பழையன. உமணரின் உப்பு வண்டியைக் கூறுமிடத்துப் பெரும்பாணாற்றுப்படை அதன் ஆரையும் பாரையும் குறிக்கின்றது. வண்டியின் அடியில் மாற்று அச்சினைக் கட்டிச் செல்லும் வழக்கத்தை ஔவையாரின் புறப்பாட்டால் அறிகின்றோம். நாள்தோறும் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை அதியமானுக்கு உவமையாக்கியவரும் அவரே. சக்கரத்தின் அருமையை உணர்ந்தார்க்கே அவ்வுவமையின் ஆற்றல் விளங்கும்.

இன்று மரச்சக்கர வண்டி அருகிவிட்டது. காற்றடைத்த டயர் முதலில் குடத்தையும் ஆரக்காலையும் வட்டையையும் விலக்கியது. பின் டிராக்டர் வண்டியையே விலக்கியது. சிம்சன் நிறுவனத்தைத் தன்னகத்தே கொண்ட அமால்கமேசன்சு குழுமமே 1960-இல் டாபே என்னும் டிராக்டர் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. வண்டி கட்டும் தொழிலிற் பிறந்த மரபின் வழிவந்த டிராக்டரே சிற்றூர் வண்டிக்கு மாற்றாக வந்தமை நோக்கத்தக்கது. அதனைக் குறையாகக் கூறுகின்றோம் அல்லோம். உழவர்க்கு அதனால் விளைந்த நன்மை பெரிது.

ஆயினும், பொருள் மறையின் சொல்லும் மறையும். சொல் மறையின் பழம்பாடலின் பொருளும் மங்கும். சக்கரம் செய்தறிந்த முதியோர் இன்னும் சிற்றூர்களில் உளர். உறுப்பின் பெயர், செய்முறை, அளவு ஆகியவற்றை அவர்பாற் கேட்டு, ஊர்தோறும் படத்துடன் தொகுத்தல் வேண்டும். அகராதிப் பணியாகிய அதுவே ஏடில்லாப் பட்டறைகளின் வரலாறாகவும் அமையும்.