தின்றது செரிக்காத மோட்டார்

கலியாணத்துக்குப் புறப்படும் வேளையில் மோட்டார் கிளம்ப மறுத்தால் வீட்டில் என்ன பாடு படும் என்பது அநுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். கோயமுத்தூரில் ஒரு தை மாத விடியற்காலை. பொள்ளாச்சியில் முகூர்த்தம், கட்டவேண்டிய தாலியோ எங்கள் அத்தையின் மடியில்!

மாமா சோக்கை இழுத்தார்; ஆக்ஸிலரேட்டரை மிதி மிதியென்று மிதித்தார். பெட்ரோல் வாசனைதான் வந்தது; வண்டிக்கு உயிர் வரவில்லை. அடுத்த வீட்டு டிரைவர் ஓடி வந்தார்.

"போதும் நிறுத்துங்க! அது பசியில கெடக்கலீங்க. தின்னது செரிக்காமக் கெடக்குதுங்க."

அது என்ன அஜீரணம்? கொசு மருந்து அடிக்கும் பம்பைப் பார்த்திருப்பீர்கள். குழாய் முனையில் காற்று விரைந்து பாயும்போது, மருந்து தானே மேலேறித் தூறலாகச் சிதறுகிறது அல்லவா? கார்புரேட்டரின் வேலையும் அதுதான். அதன் குறுகிய கழுத்தில் காற்று பாய, பெட்ரோல் தூறலாகி இன்ஜினுக்குள் போகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று. இது எடைக் கணக்கு. கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை.

இந்தக் கணக்கு மூன்று சமயங்களில் தடுமாறும்.

முதலாவது, கிளப்பும்போது. குளிர்ந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகாது, ஆவியானால்தான் பற்றிக்கொள்ளும். அதனால் சோக் என்னும் தகடு காற்றின் வழியை அடைத்து, பெட்ரோலை அதிகமாக இழுத்துக் கொடுக்கிறது. 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட ஃபோர்டு 'டி' மாடல் காரில், முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றுகிறவரே இழுக்கும்படி சோக் கம்பி ரேடியேட்டர் ஓரமாகவே நீட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது. அப்போது காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். கழுத்தில் தவழும் காற்றுக்குப் பெட்ரோலைத் தூக்கத் தெம்பு இராது. ஆனால் கதவுக்கு அப்பால் இன்ஜினின் உறிஞ்சல் பலமானது. அங்கே ஒரு சிறு துவாரம் வைத்து, பச்சைக் குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் ஊட்டுகிறார்கள்.

மூன்றாவது, திடீரென்று வேகம் எடுக்கும்போது. கதவு திறந்ததும் லேசான காற்று முந்தி ஓடிவிடும். கனமான பெட்ரோல் பின்தங்கும். வண்டி இருமும், சில சமயம் நின்றே போகும். ரயில்வே கேட்டின் நடுவில் அப்படி நின்றால்? அதனால்தான் பின்னாளில், மிதித்தவுடன் ஒரு பீச்சு பெட்ரோல் கூடுதலாகத் தெளிக்கும் சிறு பம்பைச் சேர்த்தார்கள். நின்ற வண்டியில் மாமா மிதித்த ஒவ்வொரு மிதியும் இந்தப் பம்பைத்தான் அடித்தது. சோக் வேறு காற்றை அடைத்துவிட்டது, கேட்பானேன்!

ஆதி மோட்டார்களில் இந்தப் பம்பு கிடையாது. 1920-ல் ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸுடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினாரே, அந்தக் காலத்து டிரைவர்களுக்குக் காலின் பக்குவமும் காதின் கூர்மையுமே கருவிகள். அவினாசி ரோட்டிலுள்ள ஜீடீ கார் மியூசியத்துக்குக் குழந்தைகளுடன் போனால், பழைய கார்களின் வெளி மினுக்கோடு இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய புதுக் கார்களில் கார்புரேட்டரே இல்லை. ஒரு சிறு கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைத் தெளிக்கிறது.

அன்றைக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? டிரைவர் சோக்கை உள்ளே தள்ளினார், சற்றுப் பொறுத்தார். பிறகு ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தாக முழுவதும் அழுத்திப் பிடித்து, காற்று தாராளமாகப் போக வழிவிட்டு, சாவியைத் திருப்பினார். கரும்புகையைக் கக்கிவிட்டு இன்ஜின் முழங்கியது. தாலியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊட்ட ஊட்ட உண்ணாத குழந்தையைக் கொஞ்சம் காற்றாட விடவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? மாமாவுக்குத்தான் அன்று தெரியவில்லை!