நாலு பக்கமும் சரியா இருந்தா செவ்வகமா?

ஒரு சின்ன கேள்வி. 12 அடி நீளம், 9 அடி அகலத்துல ஒரு அறைக்கு தரையில நூல் கட்டுறீங்க. எதிரெதிர் பக்கங்களோட அளவு கரெக்டா இருக்கு. அப்போ அது செவ்வகம்தானே?

இன்டர்ன்ஷிப் போன சைட்டுல நானும் தைரியமா "ஆமா"ன்னு சொன்னேன். மேஸ்திரி சிரிச்சுட்டு, "மூலைக்கு மூலை டேப் பிடிங்க தம்பி"ன்னார். ஒரு பக்கம் 15 அடி 3 அங்குலம், இன்னொரு பக்கம் 14 அடி 9 அங்குலம். அரை அடி வித்தியாசம்! அப்படியே சுவர் எழுப்பியிருந்தா, டைல்ஸ் ஒட்டும்போதுதான் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

எங்கே தப்பு? முக்கோணத்துக்கு மூணு பக்கம் தெரிஞ்சா போதும், வடிவம் மாறாது. நாற்கரம் அப்படி இல்லை. நாலு குச்சிகளை முனையில பின் குத்தி இணைச்சு லேசா தள்ளிப் பாருங்க, சாயும். பக்க அளவு மாறாது, கோணம் மட்டும் மாறும்.

மூலைவிட்டம் நாற்கரத்தை ரெண்டு முக்கோணமா பிரிக்குது. அதனால உள்கோணங்களோட கூடுதல் எப்பவும் 360 டிகிரி. எதிர்ப்பக்கங்கள் சமமா இருந்தா அது இணைகரம்: எதிர்க்கோணங்கள் சமம், அடுத்தடுத்த கோணங்கள் சேர்ந்து 180. அதுக்கு 90, 90தான் வரணும்னு இல்லையே! எங்க நூல்ல 88, 92ன்னு இருந்துச்சு. அந்த 2 டிகிரி கண்ணுக்குத் தெரியாது. ஆனா மூலைவிட்டத்துல அரை அடியா காட்டிக் கொடுத்துடும்.

சரி, மூலைவிட்டங்கள் சமமானா ஏன் 90 டிகிரி? இணைகரம் ஏபிசிடி-யில ஏபிசி, பிஏடி முக்கோணங்களைப் பாருங்க. ஏபி பொது, பிசியும் ஏடியும் சமம், ஏசியும் பிடியும் சமம். மூணு பக்கமும் ஒத்துப்போறதால ஏ, பி கோணங்களும் சமம். ரெண்டும் சேர்ந்து 180, அப்போ ஒவ்வொன்னும் 90. எங்க அறைக்கு ரெண்டு மூலைவிட்டமும் 15 அடி வரணும். பித்தாகரஸ்தான்!

ஒரு எச்சரிக்கை: மூலைவிட்டம் மட்டும் சமமா இருந்தா போதாது. இருசமபக்கச் சரிவகத்துலயும் அது சமம்தான். அதனால முதல்ல எதிர்ப்பக்கங்கள், அப்புறம் மூலைவிட்டங்கள், ரெண்டையும் பாருங்க.

இங்கிலீஷ் மீடியத்துல 'டயகனல்'னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குனவன் நான். அதை எதுக்கு அளக்கணும்னு சைட்டுல, கையில டேப்போட நின்னப்போதான் புரிஞ்சுது. இன்னைக்கே உங்க ஹாஸ்டல் ரூமை மூலைக்கு மூலை அளந்து பாருங்களேன்!