வடுவூராரும் தழுவல் நாவலும்

தமிழ் நாவல் வரலாற்றை ஆராய்வோர் துப்பறியும் கதைகளைத் 'தழுவல்' என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவதுண்டு. அம்முடிபு பொருந்துமா என்பதை வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரை (1880–1942) முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம்.

மன்னார்குடியை அடுத்த வடுவூரைச் சேர்ந்த இவர், 'மனோரஞ்சனி' என்னும் மாத இதழின் வாயிலாகத் தம் நாவல்களை வெளியிட்டு வந்தார். ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில நாவலாசிரியரின் கதைப்பின்னல்களை இவர் தழுவியது உண்மையே. ஆயினும் 'மேனகா'வில் குற்றம் முளைக்கும் களம் இலண்டன் மாநகரன்று. சென்னை வக்கீல் ஒருவரின் இல்லம். மேனகாவுக்குத் தீங்கு சூழ்வோர் கணவனுடன் பிறந்த கைம்பெண்கள். துப்புத் துலக்குபவரோ திகம்பர சாமியார். கூட்டுக் குடும்பத்தில் மருமகள் படும் துயரே கதைக்கு உயிராகிறது. இந்நாவல் 1935-இல் திரைப்படமாகவும் வந்தது.

சப்பானிய எழுத்தாளர் எடோகாவா ராம்போவும் (1894–1965) இத்தகையவரே. எட்கர் ஆலன் போ என்பதன் ஒலியையே தம் புனைபெயராகக் கொண்ட அவர், 1923-இல் வெளிவந்த 'இரண்டு சென் செப்புக்காசு' என்னும் கதையில், போவைப் போன்றே மறைகுறிப் புதிர் ஒன்றை அமைத்தார். ஆனால் அதற்கு அமிதாப புத்தரைப் போற்றும் தொடரை அடிப்படையாக்கினார். அவர் பெயரால் அந்நாட்டில் இலக்கியப் பரிசு வழங்கப்படுகிறது. வடுவூராரோ நம் இலக்கிய வரலாறுகளில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகிறார்.

இருவரும் கடன்கொண்டது சட்டகம். உட்பொருள் தத்தம் மண்ணுக்குரியது. எனவே, ஆசிரியர் எதனைத் தழுவினார் என்பதோடு எதனை மாற்றினார் என்பதையும் ஆராய்ந்த பின்னரே அவர்தம் இடத்தை வரையறுத்தல் தகும்.