அடுக்குமாடிக்குள் ஒரு மார்ஷல் ஆம்ப்: மாடலரில் நல்ல டோன் வரவழைப்பது எப்படி?

1977 தொடக்கத்தில், சிட்னி கிங் ஸ்ட்ரீட்டில் இருந்த ஆல்பர்ட் ஸ்டுடியோவில் ஏசி/டிசி குழு 'லெட் தேர் பி ராக்' ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. பாதி வாசிப்பில் ஆங்கஸ் யங்கின் ஆம்பிலிருந்து புகை கிளம்பியது. தயாரிப்பாளர்களில் ஒருவரான அவருடைய அண்ணன் ஜார்ஜ், நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். ஆங்கஸும் நிறுத்தவில்லை. ஆஸ்திரேலிய ராக் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சம்பவம் இது. வால்வு ஆம்பை மூச்சு முட்ட முடுக்கினால்தான் அந்த டோன் வரும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான் வேர்விட்டது.

சிட்னியின் வெஸ்ட்மீடிலோ வென்ட்வொர்த்வில்லிலோ அடுக்குமாடியில் குடியிருக்கும் தமிழருக்கு அப்படி முடுக்க வழியில்லை. நியூ சவுத் வேல்ஸ் விதிப்படி, ஞாயிறு முதல் வியாழன் வரை பொதுவாக இரவு 10 மணியிலிருந்து காலை 8 மணி வரை இசைக்கருவிச் சத்தம் பக்கத்து வீட்டு அறைக்குள் கேட்கக் கூடாது. வெள்ளி, சனி இரவுகளில் நள்ளிரவு வரை சலுகை உண்டு. மெல்பர்னிலும் நேரம் சற்று முன்பின் ஆகுமே தவிர, கட்டுப்பாடு உண்டு. வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு கிட்டாரைக் கையில் எடுப்பவருக்கு, ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலரும் ஹெட்போனும்தான் கதி.

1998இல் லைன் 6 நிறுவனத்தின் போட் என்ற சிவப்புப் பெட்டி வந்தபோது மாடலர் அவசரத்துக்கு உதவும் மாற்று மட்டுமே. பிறகு ஃப்ராக்டல், கெம்பர், ஹீலிக்ஸ், குவாட் கார்ட்டெக்ஸ் என்று வளர்ந்து, இன்று நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சிட்னிக் கிட்டார் கலைஞர் ப்ளினியின் பெயரிலேயே ஹெல்சிங்கியின் நியூரல் டிஎஸ்பி ஒரு மென்பொருள் ஆம்பை வெளியிட்டிருக்கிறது. ஆகவே கருவி போதாது என்று இனிச் சொல்ல முடியாது. இருந்தும், வாங்கியவர்களில் பலர் "கொசு ரீங்காரம் மாதிரி இருக்கிறது" என்கிறார்கள்.

காரணம் பெரும்பாலும் ஸ்பீக்கரில் இருக்கிறது. கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியைப் பெரிதும் விழுங்கிவிடும். நம் ஹெட்போன் எதையும் விழுங்காது. வால்வின் கரகரப்பு முழுவதையும் காதில் கொட்டும். இதைச் சரிசெய்யத்தான் மாடலரில் 'கேப்' என்ற பகுதி இருக்கிறது. உண்மையான ஸ்பீக்கர் பெட்டியின் முன் மைக் வைத்து அளந்தெடுத்த ஒலிச்சுவடு அது. அறையில் ஆம்பின் எதிரே நின்றால் கேட்கும் சத்தத்தை அது தராது. மைக் கேட்டதை, அதாவது இசைத்தட்டில் பதிவாகும் ஒலியைத் தரும். இந்த வேறுபாடு பிடிபட்டாலே பாதி ஏமாற்றம் போய்விடும்.

டோன் பிடிக்கவில்லை என்றதும் பலரும் ஆம்பை மாற்றுகிறார்கள். என் யோசனை, முதலில் கேப் பகுதியில் மைக்கை நகர்த்துங்கள். ஸ்பீக்கரின் நடுக் குமிழுக்கு நேராக இருந்தால் ஒலி கூர்மையாகக் குத்தும். ஓரத்தை நோக்கி ஓர் அங்குலம் தள்ளினால் அதே ஆம்ப் கனிந்து ஒலிக்கும். பிறகும் உறுத்தினால் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும், 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடலாம். கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே பேஸ் கிட்டாருக்கும் டிரம்முக்கும் இடம் விட வேண்டும்.

அடுத்தது கெயின், அதாவது ஒலியை எவ்வளவு கரகரக்க வைப்பது என்ற அளவு. ஏசி/டிசி குழுவில் மால்கம் யங் வாசித்த ரிதம் கிட்டாரை உற்றுக் கேளுங்கள். கடூரம் என்று நினைத்த இடத்தில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். அந்தக் குழுவின் ஆல்பங்களில் டிஸ்டார்ஷன் நாம் நினைப்பதைவிடக் குறைவு. கனம் வருவது விரலின் அடியிலிருந்து. ஹெட்போனில் தனியாக வாசிக்கும்போது கெயின் ஏறஏறச் சுகமாகத்தான் இருக்கும். குழுவோடு சேர்ந்ததும் ஸ்வரங்கள் குழைந்து காணாமல் போகும். போதும் என்று தோன்றும் அளவிலிருந்து கொஞ்சம் குறைத்து வைத்துப் பழகுவது நல்லது.

காதும் ஏமாற்றும். 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வின்படி, சத்தம் குறைவாக இருக்கும்போது மந்தர ஒலியும் உச்ச ஒலியும் நம் காதில் மங்கிவிடுகின்றன. நடு இரவில் மெல்லிய ஒலியில் டோன் அமைப்பவர், அந்தக் குறையை ஈடுகட்ட பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட்டை இறக்கிவிடுகிறார். பொங்கல் விழா மேடையில் அதே அமைப்பை ஒலிக்கவிட்டால், கீழே குமுறலும் மேலே கீச்சலும் மட்டும் மிஞ்சும். கிட்டாரின் குரல் குடியிருக்கும் மிட் அங்கே இருக்காது. ஒத்திகை அறையை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, மேடைச் சத்தத்தில் மேடைக்கான டோனைத் தனியாகச் சேமித்துக்கொள்வது செலவுக்குத் தகுந்த வேலை.

மெல்லிசைக் குழுக்களில் வாசிப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள். இளையராஜா பாடல்களுக்கு அக்கூஸ்டிக் கிட்டாரைச் செருகும்போது ஆம்ப், கேப் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அந்த மரப்பெட்டியின் உச்ச ஒலியைக் கிட்டார் ஸ்பீக்கரின் சுவடு கொன்றுவிடும். மண்டபத்தின் மிக்ஸருக்கு எலக்ட்ரிக் கிட்டாரை அனுப்பும்போது கேப் இருந்தே ஆக வேண்டும். மேடையில் உண்மையான கிட்டார் ஆம்ப் ஒன்றும் இருந்தால் அதற்குப் போகும் வழியில் மட்டும் கேப் வேண்டாம். இரண்டு ஸ்பீக்கரைக் கடந்த ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அடைத்துக்கொள்ளும். பெரிய மாடலர்களில் இந்த இரண்டு வெளியீடுகளையும் தனித்தனியாகப் பிரித்து அமைக்க வசதி இருக்கிறது. நிகழ்ச்சிக்குப் புறப்படும் முன் வீட்டிலேயே அதைச் செய்துவைத்தால் சவுண்ட் செக்கில் நேரம் மிச்சம்.