புதிய ஜீப்பின் மின்கோளாறுகள்

மோட்டார் வாகனம் ஒன்று காலையில் உயிர்பெற மறுக்குமாயின், அதன் உரிமையாளர் பெரும்பாலும் ஆராய்ச்சியில் இறங்குவதில்லை, செலவில் இறங்குகின்றார். பற்றறி கெட்டதென்பார் ஒருவர்; மின்பிறப்பாக்கி கெட்டதென்பார் வேறொருவர். இரண்டையும் மாற்றிய பின்னரும் மூன்றாம் நாட் காலையில் வாகனம் முன்போலவே மௌனஞ் சாதிப்பதுண்டு. புகையைக் கண்டு தீயை அனுமானிப்பது முறையே. ஆயின் எல்லாப் புகைக்கும் ஒரே அடுப்பைக் காரணமாகக் கூறுதல் முறையன்று. பாறை, மணல், சேறு என்னும் இடங்களிற் செல்லுதற்கென்றே அமைந்த வாகனங்களில் இத்தவறு பணவிரயத்தோடு முடிவதுமில்லை. கலிபோணியாவிலே சியரா நெவாடா மலைகளிலுள்ள ரூபிக்கன் பாதை போன்றதொரு வழியில் எஞ்சின் நின்றுவிட்டால், பழுதுபார்ப்போனும் இழுவை வண்டியும் எளிதில் வந்து சேரா.

ஈண்டு எடுத்துக்கொண்ட வாகனம் ஜீப். நான்கு சில்லுகளும் உந்தும் வாகனம் எதுவாயினும் அதனை ஜீப்பென்றே அழைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டெனினும், யாம் கருதுவது அப்பெயருக்குரிய அமெரிக்க வாகனத்தையே. 1941 இல் போருக்கெனச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் மின்னமைப்பு மிகச் சுருங்கியது: 6 வோல்ற்றுப் பற்றறி ஒன்று, தைனமோ ஒன்று, எரிபொருளுக்குத் தீமூட்டுஞ் சுருள், சில விளக்குகள். கம்பியொன்றைக் கையாற் பிடித்துக்கொண்டு சென்றாலே குறை தென்பட்டுவிடும். 2018 ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த ராங்ளர் அத்தகையதன்று. பிறேக்கு, திசைமாற்றி, கியர்ப்பெட்டி போன்றவற்றிற்குத் தனித்தனிக் கணினி உண்டு. அவை பொதுவான கம்பியிணைகளிலே செய்தி பரிமாறுகின்றன. மின்னழுத்தம் சற்று வீழ்ந்தால் அக்கணினிகள் ஒவ்வொன்றும் தன்தன் குறையை முறையிடும். உரிமையாளர் முன்னே ஐந்தாறு எச்சரிக்கை விளக்குகள் ஒருங்கே ஒளிர்கின்றன. ஐந்தாறு நோய்கள் ஒரே இரவில் வந்தனவென்று அஞ்சவேண்டுவதில்லை. தொடர்பற்ற பல உறுப்புகள் ஒரே வேளையிற் பிழைகாட்டுமிடத்து, அவற்றுக்கெல்லாம் பொதுவான மின்வழங்கலையே முதலிற் சோதித்தல் வேண்டும்.

1859 இல் பிளான்ரே என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட ஈயக்கலமே இன்றும் ஜீப்பை எழுப்புவது. ஆறு கலங்கள் தொடராக இணைந்தது 12 வோல்ற்றுப் பற்றறி. முழுதும் மின்னேறிய கலம் ஏறக்குறைய 2.1 வோல்ற்றுக் காட்டும். ஆகவே ஆறும் சேர்ந்து 12.6 வரை வரும். அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சவைத்த புதுவகையில் அது 12.8 வரை உயரும். 12.2 எனின் ஏறக்குறையப் பாதி மின்னேற்றமே எஞ்சியுள்ளது, 12.0 எனின் காற்பங்கு. இரண்டு மூன்று மணி நேரமாவது வாகனம் ஓய்ந்திருந்த பின்னரே இவ்வளவீட்டைச் செய்தல் வேண்டும். ஓடிவந்தவுடன் அளப்பின் தகட்டின் மேற்பரப்பில் நிற்கும் மின்னேற்றம் பொய்யான உயரத்தைக் காட்டும்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். வோல்ற்றுமானி 12.6 காட்டியதும் பற்றறி நலமென்று தீர்ப்பளித்துவிடுகின்றனர். நீர்த்தொட்டியில் நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதென்பது ஒன்று. குழாயைத் திறந்தால் எவ்வளவு விரைவில் நீர் வருமென்பது வேறொன்று. குழாய் பாசியேறிக் கிடப்பின் நிரம்பிய தொட்டியும் பயன்படாது. ஆதலின் தொடக்கி மோட்டார் சுழலும்போதே பற்றறியின் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். மிதமான வெப்பநிலையில் அது 9.6 வோல்ற்றுக்குக் கீழ் இறங்குமாயின் பற்றறியை ஐயுறலாம். குளிர்நாடுகளில் இச்சோதனை இன்னுங் கடுமையானது. பற்றறியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் குளிர்த்தொடக்க அம்பியர் என்னும் எண், உறைநிலைக்குக் கீழே 18 பாகையில், 30 வினாடிகளுக்கு, 7.2 வோல்ற்றிற் குறையாது அது தரவல்ல ஓட்டத்தைக் குறிப்பது.

பற்றறி தேறிவிட்டதெனக் கொள்வோம். தொடக்கி மோட்டாரோ இன்னும் சோம்பலாகவே சுழல்கின்றது. வகுப்பறையிற் படித்த ஓமின் விதி இப்போது கைகொடுக்கும். பற்றறியிலிருந்து எஞ்சினின் உடலுக்குச் செல்லும் தடித்த வடத்தின் முனையில் உப்பும் துருவும் படிந்து, 0.005 ஓம் தடை ஏற்பட்டுவிட்டதென்க. சாதாரண ஓம்மானி 0.1 ஓமுக்குக் குறைந்ததை உணராது. அது குறையில்லை என்றே சொல்லும். ஆயின் தொடக்கி மோட்டார் 200 அம்பியரை இழுக்கும்போது அச்சிறு தடையில் 1 வோல்ற்று வீணாகின்றது. வோல்ற்றுமானியின் ஒரு முனையைப் பற்றறியின் மறைமுனைக் குமிழிலும், மற்றதை எஞ்சினின் வெற்றுலோகத்திலும் வைத்து, மோட்டாரைச் சுழற்றுக. அளவு 0.2 அல்லது 0.3 ஐத் தாண்டாதிருத்தல் நன்று. தாண்டின் குற்றம் வடத்திலோ அதன் பிடிப்பிலோ உள்ளது. ஆற்றைக் கடந்து சேற்றில் உழன்று திரியும் வாகனங்களில் இக்குறை பெரிதும் காணப்படும். சிறிது உப்புத்தாளும் உழைப்புமே அதற்குரிய மருந்து.

இரவில் மின் கசியும் நோயை அறிவதற்குப் பொறுமை வேண்டும். வாகனம் உறங்கும்போதும் 0.05 அம்பியர் வரை செலவாவது இயல்பே; நாளொன்றுக்கு 1.2 அம்பியர்மணி எனக் கொண்டால், 70 அம்பியர்மணிப் பற்றறி பாதியாகக் குறைய ஒரு மாதஞ் செல்லும். அதுவே 0.5 அம்பியராயின் மூன்று நாட்களிற் பாதி போய்விடும். புதிய வாகனத்தைப் பூட்டியவுடன் அளத்தல் பயனற்றது, அதன் கணினிகள் யாவும் உறங்க அரைமணி அல்லது அதற்கு மேலுஞ் செல்லுமாதலால். உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் பழைய முறையும் இங்குப் பொருந்தாது. கழற்றி மாட்டும் செயலே கணினிகளை எழுப்பிவிடும். உருகியைக் கழற்றாமலே அதன் இரு முனைகளுக்குமிடையே உள்ள மில்லிவோல்ற்றை அளந்தால், எச்சுற்றில் மின் ஓடுகிறதென்பது வெளிப்படும். பெரும்பாலும் குற்றவாளி தொழிற்சாலை பொருத்திய உறுப்பன்று. உரிமையாளர் ஆசையோடு பின்னர்ப் பூட்டிய விளக்கோ குளிர்ப்பெட்டியோ வானொலியோதான். அன்றியும் இவற்றின் மறைக்கம்பியைப் பற்றறியின் குமிழிலேயே இறுக்கிவிடுதல் பெரும்பிழை. ஓட்டத்தைக் கணக்கிடும் உணர்கருவி அக்குமிழிலேயே அமர்ந்திருக்கின்றது. அதனைச் சுற்றிச் செல்லும் மின் கணக்கில் வாராது. கணினியும் பற்றறியைப் பற்றித் தவறான எண்ணமே கொள்ளும். மறைக்கம்பியை வாகனத்தின் உடலோடு இணைப்பதே முறை.

சேற்றிற் புதைந்த வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச்சுப் பொறியையும் கருதுக. முழுச் சுமையில் அது 400 அம்பியர் வரை விழுங்கும். பிறப்பாக்கி 180 அம்பியர் தருமெனக் கொண்டாலும், எஞ்சிய 220 ஐயும் பற்றறியே ஈய வேண்டும். ஐந்து நிமிடத்தில் 18 அம்பியர்மணி, அதாவது 70 அம்பியர்மணிப் பற்றறியின் காற்பங்கு, போய்விடுகின்றது. எஞ்சின் மெதுவாக ஓடுமிடத்துப் பிறப்பாக்கி தருவது இன்னும் குறைவு. இத்தகைய இழுப்பின் பின் எஞ்சினை உடனே நிறுத்துவோர் மறுபடி எழுப்ப முடியாது தவிப்பின் அது பற்றறியின் குற்றமாகாது.

இனி, புதிய ராங்ளருக்கே சிறப்பாக உரிய குறையொன்றுண்டு. சாலையில் வாகனம் தரித்தவுடன் எஞ்சினைத் தானாக நிறுத்தி, புறப்படும்போது மீண்டும் எழுப்பும் அமைப்பு அதிலுள்ளது. மீண்டும் எழுப்புங் கணத்தில் பெரிய பற்றறியின் அழுத்தம் வீழும்; வீழ்ந்தால் கணினிகளும் வானொலியும் தடுமாறும். அது நேராதிருக்க, 3.6 லீற்றர் எஞ்சின் பூண்ட பல ராங்ளர்களில் இரண்டாவதாகச் சிறிய 12 வோல்ற்றுப் பற்றறியொன்று, பெரியதன் கீழே கண்ணுக்குப் புலப்படாவண்ணம் வைக்கப்பட்டது. எஞ்சின் நின்றிருக்கும் அச்சிறுபொழுதில் இரண்டும் பிரிக்கப்பட்டு, சிறியது கணினிகளைத் தாங்கும். மற்றைப் பொழுதுகளில், வாகனம் இரவு முழுவதும் உறங்கும்போதும், இரண்டும் சமாந்தரமாக இணைந்தே கிடக்கும்.

தொல்லை அவ்விணைப்பிலேதான் பிறக்கின்றது. சிறியதில் ஒரு கலம் குறுக்குச்சுற்றாகி இறந்ததெனக் கொள்க. எஞ்சிய ஐந்து கலங்களும் 10.5 வோல்ற்றுக்கு மேல் நிற்க மாட்டா. பெரியது நலமாயிருப்பினும், தன்னிலுந் தாழ்ந்த துணையை உயர்த்த முயன்று இரவெல்லாம் அதனுள் மின்னைச் சொரியும். விடியும்போது இரண்டும் வலியிழந்து நிற்கும். உரிமையாளர் கண்ணுக்குத் தெரிந்த பெரிய பற்றறியைக் குறைகூறி, விலைகொடுத்துப் புதியதொன்றை வாங்கி வைக்கின்றார். சில கிழமைகள் நன்றாக ஓடும். பின்னர் அப்புதியதும் அதே கதியடையும். தரிப்பில் எஞ்சின் தானாக நிற்பது ஒழிந்து, பற்றறி மின்னேறுகின்றது என்னும் அறிவிப்பு நாட்கணக்காகத் தொடர்தல் சிறியதன் நோய்க்குரிய முன்னறிகுறிகளுள் ஒன்று. அதனைப் பொருட்படுத்துவோர் சிலரே.

இணைந்த நிலையில் அளக்கும் எண் இரண்டிற்கும் பொதுவானதாதலின் எதனையும் வேறுபடுத்திக் காட்டாது. பெரியதன் மறைமுனையில் வந்து சேரும் இரு வடங்களையும், அதாவது அதன் சொந்த வடத்தையும் சிறியதிலிருந்து வருவதையும், தனித்தனியே கழற்றி வைத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்றப் பற்றறி வாகனத்துக்கு மின்னூட்டிக்கொண்டேயிருக்கும். மின் நின்றுவிட்டதென எண்ணி வேலைசெய்வோருக்கு அது இடராகும். இரண்டையும் தனித்தனி முழுதும் மின்னேற்றி, சில மணி நேரம் ஓயவைத்து, பின்னர் ஒவ்வொன்றையும் சுமையேற்றிச் சோதிக்க. மின்னேறும் பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு வெளிப்படக்கூடுமாதலின் தீப்பொறி அணுகலாகாது. கைம்மோதிரத்தையுங் கழற்றிவிடுதல் நலம். ஒன்று கெட்டதெனத் தேறின், மற்றதும் ஒத்த வயதினதாயின், இரண்டையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனமென்பது எம் கருத்து.

மாற்றிய அன்றே தானாக நிற்கும் அமைப்பு வேலை செய்யவில்லையென்று மீண்டும் கருவிகளை எடுக்கவேண்டுவதில்லை. புதிய பற்றறியின் நிலையை உணர்கருவி கற்றுக்கொள்வதற்கு வாகனம் சில மணி நேரம் பூட்டப்பட்டு அசையாது கிடத்தல் வேண்டும். ஓரிரவு விட்டுப் பார்த்தால் போதுமானது.